ரயில் தோட்டத்துச் சங்கு

போன வாரம் பேத்தி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மதுரைப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்குப் போய்விட்டு வந்தாள். கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். தண்ணீரில் நனைந்தாலும் பிய்யாதாம். இரண்டு நாள் குளித்தும் அது அப்படியே இருந்தது. கழற்ற அவளுக்கும் மனசில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது, தாத்தா நீங்கள் இந்த மாதிரி எங்கேயாவது போயிருக்கிறீர்களா என்று கேட்டாள். போனதென்ன, ஒன்றைக் கட்டியே இருக்கிறேன் என்றேன். கட்டியிருக்கிறோம் என்றல்லவா வந்திருக்க வேண்டும்? உன்னை விட்டுவிட்டுச் சொல்ல என் வாய் எப்போது பழகியது என்று யோசித்துக்கொண்டே எழுந்து கை கழுவினேன்.

நீ கண்ணை மூடி ஏழு மாதமாகிறது. உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ஒரே ஊரில், ஒரே மில்லில், ஒரே ஷிப்டில் ஃபிட்டர் வேலை பார்த்த இரண்டு பேருக்கு நடுவில் கடிதத்துக்கு என்ன வேலை? எதுவென்றாலும் டீக்கடையில் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தோம். சொல்ல வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் அந்த டீக்கடையில் உன்னிடம் சொல்லியிருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில், கண்மாயை ஒட்டி, காய்க்காத மாந்தோப்பு ஒன்று பஞ்சு வியாபாரி ஒருவருக்கு இருந்தது. ஊரோடு சேர்ந்து நாமும் அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். பருத்தியில் கொட்டை பிரிக்கிற அவருடைய ஜின்னிங் பேக்டரி எஞ்சினை நீ சரி செய்து கொடுத்த நாளிலிருந்து உன்மேல் அவருக்குத் தனி மரியாதை. ஆடிப்பூரத் தேருக்கு வருகிற ராட்டினம் பத்து நாள் சுற்றிவிட்டு மூட்டை கட்டிவிடுகிறது, வருஷம் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஒரு ராட்டினம் வேண்டாமா என்று ஒருநாள் உன்னிடம் கேட்டார். நீ என்னிடம் வந்து கேட்டாய். வீட்டில் அரிசி வாங்கி வரச் சொன்னதையும் மறந்து, அங்கேயே சைக்கிளை நிறுத்திவிட்டுத் தரையில் குச்சியால் ராட்டினம் வரைந்தேன்.

ஒரு வருஷத்து வார விடுமுறைகள் முழுவதும் அந்தத் தோப்பில்தான் போயின. மூடிய மில் ஒன்றின் பழைய இரும்பை முதலாளி ஏலத்தில் எடுத்துக் கொட்டியிருந்தார். நூல் நூற்ற மெஷினின் பல்சக்கரங்கள் ராட்டினத்துக்குள் போயின. குடை ராட்டினத்துக்குக் குதிரை வைக்கக் கூடாது என்று முதலாளி ஒற்றைக் காலில் நின்றார். குதிரை எல்லா ஊரிலும் இருக்கிறதாம், நம் ஊருக்கு நம் ஊர் நாய்தான் பெருமையாம். ஆசாரி எட்டு வெள்ளை நாய்களைச் செய்து இறக்கினார். நாக்கு மட்டும் சிவப்பு. நாயின் மேல் உட்காருவதா என்று ஊரே சிரித்தது; பிறகு பிள்ளைகள் அந்த நாய்களுக்காகத்தான் அடித்துக்கொண்டார்கள்.

ரயில்தான் உன் கனவு. தோப்புக் கிணற்றடியில் கிடந்த ஆயில் எஞ்சினை எடுத்து, மில்லுக்குள் தள்ளுவண்டி ஓடிய தண்டவாளத்தைக் கிணற்றைச் சுற்றிப் பதித்து, பஞ்சுத் திரி விழுகிற உயரமான கேன்களைப் பாதியாக அறுத்துப் பெட்டிகள் ஆக்கினாய். மனிதர்களிடம் தமிழ் பேசுகிற நீ மெஷினைத் திட்டும்போது மட்டும் உங்கள் வீட்டுத் தெலுங்குக்குப் போய்விடுவாய். எஞ்சின் மக்கர் செய்தால் "ஏமிரா" என்று ஆரம்பித்து நீ பேசுகிற அழகைக் கேட்க நான் வேண்டுமென்றே ஸ்பேனரைத் தாமதமாக எடுத்துத் தருவேன். முதல் ஓட்டத்தில் நாம் இருவரும்தான் ஏறினோம். அறுத்த கேனுக்குள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து கிணற்றை ஒரு சுற்று சுற்றி வந்தோம். மேற்கே மலை, மறுபக்கம் தூரத்தில் கோபுரம். நீ கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாய். என் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல நாட்களில் அது ஒன்று.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏலத்தில் வந்த சாமான்களுக்கு அடியில் ஒரு சங்கு கிடந்தது. மூடிப்போன அந்த மில்லின் கூரையில் இருந்து ஷிப்டுக்கு ஷிப்டு ஊதிய சங்கு. நம் ஊரில் சங்கு என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உலை வைப்பது, பிள்ளைகளை எழுப்புவது, பஸ்ஸுக்குக் கிளம்புவது எல்லாம் மில் சங்கை வைத்துத்தான். நான் அதைத் துடைத்து எடுத்து, ரயில் புறப்படும்போது இதை ஊதினால் எப்படியிருக்கும் என்றேன். உனக்குப் பிடிக்கவில்லை.

"கண்மாய்க்கு அந்தப் பக்கம் நம்ம மில்லு இருக்குலே. சங்கு என்ன வெளையாட்டுச் சாமானா? பள்ளிக்கூடத்து மணி ஒண்ணு கெட்டிக்கிடுவோம்" என்றாய்.

நான் கேட்கவில்லை. ஒவ்வொரு மில் சங்குக்கும் ஒவ்வொரு குரல், நம் ஆட்கள் தூக்கத்தில்கூடப் பிரித்துச் சொல்வார்கள், யார் ஏமாறப் போகிறார்கள் என்று வாதாடினேன். நீ சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, எனக்காகத்தான், அதைத் தூணில் மாட்டி வயர் இழுத்துக் கொடுத்தாய். நம் மில் சங்குக்கு அந்த மாதம்தான் மோட்டார் மாற்றியிருந்தார்கள், அதன் புதுக் குரல் இன்னும் யார் காதிலும் படியவில்லை என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் திறப்பு. கெஞ்சிக் கூத்தாடி இருவரும் அன்றைக்கு லீவு வாங்கியிருந்தோம். வந்த பிள்ளைகளுக்கெல்லாம் முதலாளி வீட்டம்மா பால்கோவா கொடுத்தார். சேத்தூரிலிருந்தும் மம்சாபுரத்திலிருந்தும் சனம் வந்து இறங்கியது. ரயில் நிரம்பியது. நீ எஞ்சினில் உட்கார்ந்து எனக்குக் கையைக் காட்டினாய், பார்த்து, லேசாக என்பது போல. நான் சுவிட்சை அழுத்தினேன். பிள்ளைகள் கத்திய கத்தலில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் முறையும் அழுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் தூக்குவாளியும் கையுமாக மில் ஆட்கள் கண்மாய்க்கரையில் வந்துகொண்டிருந்தார்கள். ஷிப்டு முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. காலையில் கரண்ட் போய் வந்ததால் ஷெட்டுக்குள் இருக்கும் கடிகாரத்தை அவர்கள் நம்பவில்லை. சங்கை நம்பி, நூல் நூற்கிற பிரேம்களை நிறுத்திவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அதில் ஒருவர் நேராகத் தோப்புக்குள் வந்து, திறப்பு விழாவுக்காகச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு அந்தச் சங்கையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

போனஸ் தகராறு நடந்துகொண்டிருந்த நேரம் அது. இத்தனை பிரேம்களும் ஒரே சமயத்தில் நின்று, இழையெல்லாம் அறுந்து கிடந்ததை நிர்வாகம் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளுமா? யாரோ திட்டம் போட்டு ஆட்களை வெளியேற்றியதாகவே முடிவு கட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை லேபர் ஆபீசர் அறையில் விசாரணை. உன்னை முதலில் கூப்பிட்டார்கள். நான் வெளியே ஜன்னலுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

சங்கை மாட்டியது யார் என்று ஆபீசர் கேட்டார். நீ, நான்தான் என்றாய். அது உண்மை. அழுத்தியது யார் என்று கேட்டார்.

"அதுவும் நாந்தேன் சார். வேற யாருக்கும் இதுல சம்மந்தம் இல்ல" என்றாய்.

நாம் அப்படியெல்லாம் பேசி வைத்துக்கொள்ளவில்லை. எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும். அறைக்கும் பெஞ்சுக்கும் நாலு எட்டு இருக்குமா? என் முறை வந்தபோது போனேன். நீயும் அந்தத் தோட்டத்தில் வேலை செய்தாயா என்று அவர் கேட்டார். இரண்டு பிள்ளைகளின் முகம், வீட்டில் மூன்றாவதாக உண்டாகியிருந்தவளின் முகம், எல்லாம் வந்து போயின. அவர்களை இப்போது சாட்சிக்கு இழுக்கிறேன் பார். அவர்கள் என்ன செய்வார்கள்? பயந்தது நான்.

"இல்ல சார். வேடிக்கை பாக்கப் போனேன்" என்றேன்.

வெளியே வந்தபோது நீ சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்றிருந்தாய். ஜன்னல் திறந்துதான் இருந்தது, நீ கேட்டிருப்பாய். என்னிடம் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாய். சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்தான்.

உன்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். சேத்தூரில் உனக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டார், மில் வேலை இல்லாத மாப்பிள்ளை வேண்டாம் என்று பத்து நாளில் சொல்லி அனுப்பினார்கள். உன் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, எம் பிள்ளைக்கு யாரு கண்ணு பட்டுச்சோ என்று அழுதார்கள். நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வேறென்ன கொடுத்தேன்?

அதற்குப் பிறகு நீ அந்தத் தோட்டமே கதி என்று ஆனாய். சங்கைக் கழற்றிவிட்டு, நீ முதலிலேயே சொன்ன பள்ளிக்கூடத்து மணியைக் கட்டினாய். தொண்ணூறுகளில் ரயில் தோட்டம் என்றால் வ. புதுப்பட்டி வரைக்கும் தெரியும். பள்ளிக்கூடத்து வண்டிகள் வரிசை கட்டின. கல்யாணமான புதுசுகள் நாயின் மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருவேன். ஆனால் ஒரு ஸ்பேனரைத் தொட முடியாது. தொட்டால் மில் ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்கள். நான் சொன்ன பொய்யை நானே வாரா வாரம் வந்து உண்மையாக்கிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ரயில் பாதியில் நின்றுவிட்டது. பெட்டி நிறையப் பிள்ளைகள். நீ எஞ்சினுக்கு அடியில் படுத்துக்கொண்டு, பழைய பழக்கத்தில், தலையை வெளியே நீட்டாமலே என்னைக் கூப்பிட்டாய். "ஏலே, செத்த வந்து இந்த நட்டைப் புடி." நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். எங்கள் சூப்பர்வைசர் குடும்பத்தோடு ராட்டினத்தின் அருகில் நின்றிருந்தார். என் கைகள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. நீ கொஞ்ச நேரம் காத்திருந்தாய். பிறகு தோட்டக்காரரைக் கூப்பிட்டாய். அதன் பிறகு நீ என்னை எந்த வேலைக்கும் கூப்பிடவேயில்லை.

முதலாளி போன பிறகு அவர் பிள்ளைகள் தோட்டத்தை மனைகளாகப் பிரித்தார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்த அன்று நீ வரவில்லை. நான் ரோட்டோரம் நின்று பார்த்தேன். எட்டு நாய்களையும் ஒரு லாரியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கொண்டுபோனார்கள். நீ சேத்தூரில் எஞ்சின் ரிப்பேர்க் கடை வைத்தாய். தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டாய். எனக்கு மில்லில் மேடை போட்டு, மாலை மரியாதையோடு ஓய்வு கொடுத்தார்கள். அந்த மேடைக்குக் கீழே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நீ கை தட்டினாய்.

சொல்லிவிடலாம் என்று எத்தனை தடவை உன் கடைக்கு வந்திருக்கிறேன் தெரியுமா? மழையைப் பற்றிப் பேசுவேன். பிள்ளைகளைப் பற்றிப் பேசுவேன். நீயும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வாய். பிறகு நீ ஏதாவது ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பிப்பாய். அந்த நேரத்தில்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிடுவேன்.

உன் காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி தனியாக இருந்தாள். வாசற்படியில் நின்றபடியே அவளிடம் சொன்னேன்: அன்றைக்கு அழுத்தியது நான், அவன் இல்லை, அவன் வேலை என்னால் போயிற்று. திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் என்னை உட்காரச் சொன்னாள்.

"தெரியும்ணே. கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டாவ. நீங்க கடைக்கு வந்துட்டுப் போற அன்னைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, இன்னைக்கும் அவன் சொல்லலடின்னு சொல்லுவாவ. சொன்னா என்ன செய்வியன்னு ஒருக்கா கேட்டேன். ஒண்ணும் செய்யமாட்டேன், பொறவு அவன்கூடப் பழையபடி பேசலாம்லான்னு சொன்னாவ."

நீ என்னிடம் பேசிக்கொண்டுதான் இருந்தாய் என்று நான் நினைத்திருந்தேன். ஒருநாள்கூடப் பேச்சை நிறுத்தியதில்லையே என்று எனக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. அத்தனை வருஷமும் என் எதிரே உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டே நீ காத்திருந்தது எனக்குத் தெரியாது. உன் வேலை போனதற்கு நான் அழுதிருக்கிறேன்; கல்யாணம் நின்றதற்கும் அழுதிருக்கிறேன். அதையெல்லாம் விட இதுதான் என்னை இப்போது படுத்துகிறது.

ராத்திரி பகல் என்றில்லாமல் அது என்னோடு வருகிறது. கடைத்தெருவில் நடக்கும்போதும், மருந்துச் சீட்டோடு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போதும், என்னையறியாமல் வாய் முணுமுணுக்கிறது. பக்கத்தில் நிற்பவர்கள் ஏதோ சாமி பெயர் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். நான்தான்லே அழுத்தினேன், நான்தான்லே அழுத்தினேன் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.