அசைவு இல்லை

அவிநாசிபாளையம்,
புதன்கிழமை.

அன்பு மகள் மோனிஷாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இருக்கிறோம். நெதர்லாந்தில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று சொன்னாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

திங்கட்கிழமை நீ எத்தனையோ முறை அழைத்தும் நான் எடுக்கவில்லை. "அம்மா நன்றாக இருக்கிறாள்" என்று ஒரு வரி மட்டும் அனுப்பினேன். அதன் பிறகும் உனக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது, நீயும் மறுபடி அழைத்தாய். நடந்ததை போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

உன் தம்பி நம்மை விட்டுப் போன பிறகு அம்மா அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்ற வைக்காமலே பால் காய்வதற்குக் காத்துக்கொண்டு நின்றாளே, அன்றைக்குப் பக்கத்து வீட்டு நதியாதான் கேஸ் நாற்றம் பிடித்து ஓடி வந்து மூடினாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் நீ அந்தச் சின்ன போர்டையும் ஆள் நடமாட்டம் பார்க்கிற சென்சாரையும் கூரியரில் வரவழைத்தாய். வீடியோ காலில் நீ சொல்லச் சொல்ல நான் மாட்டினேன். சென்சாருக்கு மூன்றே கால்கள். எந்தக் கால் எதற்கு என்ற எழுத்து அந்த வெள்ளைக் குமிழுக்கு அடியில் மறைந்திருந்தது. குமிழைக் கழற்றிப் பார்த்துத்தான் கரண்ட் எது, கிரவுண்ட் எது, சேதி சொல்லும் கால் எது என்று கண்டுபிடித்தோம். நான் கையை ஆட்டினால் திரையில் ஒன்று, ஆடாமல் நின்றால் பூஜ்யம். வெயில் பட்ட திரைச்சீலை ஆடினால்கூட ஒன்று காட்டியது. ஆரஞ்சு நிறத் திருகைத் திருப்பி, கூர்மையைக் குறைக்கச் சொன்னாய். ஆள் சூட்டோடு நகர்ந்தால்தான் அதற்குத் தெரிய வேண்டும் என்றாய்.

நம் கம்பெனியில் நூல் அறுந்தால் நிட்டிங் மெஷின் தானாக நின்று விளக்கு எரியுமே, அதே வேலைதான் இதுவும் என்று நினைத்துக்கொண்டேன். ஒயர் மாட்டிக்கொண்டிருந்த நேரம் எனக்கு நன்றாக இருந்தது. வேறொன்றும் நினைக்கவில்லை.

அம்மாவிடம் அது தானாக லைட் போடுகிற பெட்டி என்று சொல்லி வைத்தேன். அவள் சரி என்றாள். ஹாலில் டிவிக்கு மேலே மாட்டினேன். பகலில் ஒரு மணி நேரம் அசைவு இல்லாவிட்டால் உனக்கும் எனக்கும் செய்தி வரும்படி நீ எழுதியிருந்தாய். அதன் பிறகு நான் காலையிலேயே அருள்புரம் கிளம்பிவிடுவேன். கம்பெனிக்குள் போய்விட்டால் மெஷின் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. எனக்கு அது வசதியாக இருந்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்து செய்தி வந்தால் உடனே வீட்டுக்கு போன் போடுவேன். அம்மா வீட்டுக்குப் பின்புறத்திலிருந்து வந்து எடுப்பாள். "பொடக்காளில துணி தொவச்சுட்டிருந்தனுங்க" என்பாள். சரி என்று வைத்துவிடுவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

திங்கட்கிழமையும் செய்தி வந்தது. போன் போட்டேன், எடுக்கவில்லை. நதியாவுக்குப் போட்டேன், அவள் ஊத்துக்குளியில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள். காரை எடுத்தேன். சூப்பர்வைசர் தங்கதுரை ஓடி வந்து, "நீங்க ஓட்டாண்டாம் மொதலாளி, நான் வாரேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தம்பியை லாரி இடித்த இடத்தைத் தாண்டித்தான் வந்தேன். அங்கேயும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை கண்ணு. எட்டாம் நம்பர் மெஷினுக்கு ஊசி மாற்றச் சொல்ல மறந்துவிட்டோமே என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

கதவு திறந்தே இருந்தது. அம்மா ஹாலில், டிவிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் மடியில். கண் திறந்திருந்தது. நான் கூப்பிட்டேன். கிட்டே போய்த் தோளைத் தொட்டேன். சூடு இருந்தது. அப்புறம்தான் திரும்பிப் பார்த்து, "வந்துட்டீங்களா" என்றாள்.

போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"லைட் எரியறதுக்குன்னு சொன்னீங்க. இத்தன நாள்ல ஒரு லைட்டும் எரியலீங்க. நான் பொடக்காளிப் பக்கம் இருந்தா உங்க போன் வந்துருது. இங்க நடமாடிட்டு இருந்தா வர்றதே இல்ல. அசையாம உக்காந்தா என்ன ஆகும்னு பாத்தனுங்க."

"பாத்து?"

"போனை எடுத்துட்டா நீங்க அங்கயே இருந்துக்குவீங்க. அதான் எடுக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. மத்தியானத்துக்கு என்ன குழம்பு என்று சொல்வதுபோலச் சொன்னாள். இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். உனக்கு அந்த ஒரு வரியை அனுப்பியது அப்போதுதான். பிறகு போனை ஓரமாக வைத்துவிட்டேன். இருவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம். உனக்கு இரண்டாவது செய்தி வந்ததே, அப்போது வீட்டில் இரண்டு பேர் இருந்தோம். பயப்பட ஒன்றும் இல்லை.

சாயங்காலம் பெட்டியைக் கழற்றினேன். அம்மாதான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். நீ வருத்தப்படாதே. நீ கற்றுக்கொடுத்ததில் பிழை இல்லை, அது சரியாகத்தான் வேலை செய்தது.

நேற்று அம்மா, "நானும் கம்பெனிக்கு வர்றனுங்க" என்று கிளம்பிவிட்டாள். பல்லடம் சுற்றிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். "அந்த ரோட்டுலயே போங்க" என்றாள். அந்த இடம் வந்தபோது முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். கம்பெனியில் துணி ரோல் பார்க்கிற விளக்கு மேசைக்குப் பக்கத்தில் நாள் பூராவும் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஓட்டையைப் பார்த்து விரலை வைத்துக் காட்டினாள். தங்கதுரை அதில் சாக்பீஸால் குறி போட்டார். திரும்பி வரும்போது காரில் தூங்கிவிட்டாள். இன்றைக்கும் வந்திருக்கிறாள். ஆபீஸ் ரூமில் இருந்துதான் இதை எழுதுகிறேன். கண்ணாடி வழியாக அவள் தெரிகிறாள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் கண்ணு. நீ அழைக்கும்போதெல்லாம் சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறாய். நாங்களும் ஆமாம் என்கிறோம். தம்பியின் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. இந்தக் கடிதத்திலும் இதுவரை நான் எழுதவில்லை. தரணீதரன். எழுதிவிட்டேன். நீ அம்மாவிடம் அவனைப் பற்றி எதையாவது கேள். அவன் என்ன குறும்பு செய்தான், எதற்கு அடி வாங்கினான், எதுவானாலும் சரி. அவள் சொல்வாள் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் நடுவில் எழுந்து வெளியே போனால், போகட்டும் என்று விட்டுவிட்டு நீ கேட்டுக்கொண்டே இரு.

நீ வேலைக்கு சைக்கிளில் போகிறாய் என்று தெரியும். அங்கே அதற்குத் தனிப் பாதை இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறாய். இருந்தாலும் பார்த்துப் போ சாமி. போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி போடு. வீட்டுக்கு வந்ததும் ஒரு வரி. நான் பதில் போடாவிட்டாலும், நீ போடு.

நூறு வயது நன்றாக இரு.

உன் அப்பா,
திருமூர்த்தி.