அம்மாவின் தலையணை

சென்னப்பட்டணம்,
12 மார்ச் 1938

அன்புள்ள நைனாவுக்கு, மகள் தையலம்மாளின் வணக்கம். அம்மாவுக்கு இருமல் தணிந்ததா?

டாக்டர் படிப்பில், சிறுநீரைக் காய்ச்சிப் பார்க்கும் பயிற்சிக்கு அவரவருடையதையே கொண்டுபோனோம். என்னுடையது மட்டும் வெள்ளையாகத் திரண்டது. “உன்னோடது இன்னாடி, வெந்த முட்டையாட்டம் கீது?” என்று விழுப்புரத்துக் கனகாம்பாள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆசிரியர் சிரிக்கவில்லை, இரத்த அழுத்தம் பார்த்தார். சிறுநீரகம் கெட்டதில் இதயமும் பெருத்துவிட்டதாம். இதற்குப் புத்தகத்தில் மருந்து போடவில்லை. உப்பைக் குறைக்கச் சொன்னார்.

ஆகையால் கருவாடு வேண்டாம். அம்மாவின் தலையணையை மட்டும் அனுப்புங்கள். ஒரே தலையணையில் படுத்தால் மூச்சு முட்டுகிறது. அம்மா கேட்டால், விடுதித் தலையணை சப்பை என்று சொல்லுங்கள்.

நெட்டப்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டார் என் படிப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். வேறு பெண் பார்க்கட்டும்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

தையல்