ஏரியோரத்து மரப்பாலம்

பின்லாந்து, ஜனவரி 2006

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். முழங்கால் வலி குறைந்து தறிக்குடோனுக்குப் போகிறீர்களா?

முன்பு அனுப்பிய ஏரிப் படத்தைப் பார்த்து, "ஏங்கண்ணு, ஒரே வெள்ளையா இருக்குது, அங்க மனுசங்களே இல்லியா?" என்று போனில் கேட்டீர்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேமராவோடு போனேன். உறைந்த ஏரிக்குள் நீளும் மரப்பாலமும் கவிழ்த்து வைத்த சிவப்புப் படகும் படத்தில் வரும்படி தள்ளி நின்றபோது வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். அடி ஒன்றுமில்லை. படகுக்குச் சொந்தக்கார அம்மா ஓடிவந்து தூக்கிவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சூடாகக் காபி கொடுத்தார். அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார். பிறகு எடுத்து இத்துடன் வைத்திருக்கும் படத்தில் புகை வருவது அவர் வீட்டில்தான்.

தலைக்குத் தேய்க்க அரப்புத்தூளும் கனமான பனியனும் அனுப்புங்கள். கூடவே உங்கள் படம் ஒன்று. ஸ்டுடியோவில் வேண்டாம், நம் வாசல் தெரியும்படி எடுங்கள். தபால்நிலையத்தை மூடும் நேரமாகிவிட்டது, இத்துடன் முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
அன்புச்செல்வி