பாட்டில் வராத கடைசி வரி

அக்கா,

இன்று தேனி பஸ்ஸில் உங்கள் குரலைக் கேட்டேன். பின் இருக்கையில் ஒரு பெண் போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு வந்தாள். "செல்வி எந்திரிச்சியா? பாண்டியம்மா சோறு கட்டுனியா? ஈஸ்வரி கொடைய எடு. சகாயமேரி உப்ப மறக்காத. வண்டி வருது, வண்டி வருது, ஏறுங்காத்தா!" அதன்மேல் தடதடவென்று தாளம். பிறகு செல்வியின் ராப். சில விநாடிகளில் முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து நீங்கள். சின்னமனூர் வருவதற்குள் செல்வியை எத்தனை தரம் எழுப்பினீர்களோ தெரியாது.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. வாட்ஸப் குழுவில் நீங்கள் பேசி அனுப்பியதை வைத்து செல்வி போட்ட இந்தப் பாட்டு வந்து ஒன்றரை மாதம்.

உங்களுக்குச் சிரிப்பு வரும். கம்பத்தில் நம் தெருவிலிருந்து மேட்டுக்கு ஏறி, கேரளத்து ஏலக்காட்டில் காயெடுக்கப் போகிற பதினோரு பெண்களைத் தினமும் ஜீப்பில் ஏற்றுவதற்காக நீங்கள் போட்ட சத்தம் அது. இப்போது சென்னையில் அலுவலக வேனில் ஏறுகிற பெண்கள் அதற்கு வாயசைக்கிறார்கள். ஒரு கல்யாணப் பெண் மணமேடை ஏறும்போது அதைப் போட்டிருக்கிறாள். அட்டைக்கடியையும் மழையையும் செக்போஸ்ட்டில் காத்து நிற்பதையும் செல்வி அந்தப் பாட்டில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பகுதி யாருக்கும் தேவைப்படவில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் வேறொரு பாட்டு வந்து இதைத் தள்ளிவிடும். இதெல்லாம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு ஏறுகிறதா என்று தினமும் பார்க்கிறேன்.

அந்த வாட்ஸப் குழுவை உங்களுக்கு ஆரம்பித்துக் கொடுத்ததே நான்தான். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட முழங்கால் விடவில்லை என்று, புது போனோடு என் வாசலில் வந்து நின்றீர்கள். எழுதத் தெரியாது என்றீர்கள்; பேசி அனுப்பினால் போதும் என்றேன். பதினோரு பேரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு நான் வெளியேறப் போனபோது என் கையைப் பிடித்தீர்கள். "ஆரம்பிச்சு வச்சவுக நீங்க. நீங்களே எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்கும்? ஒரு ஓரமா இருந்துட்டுப் போங்க டீச்சரு." பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போகிறவளைத் தடுப்பதுபோல் இருந்தது.

மறுநாள் விடியுமுன் போன் சத்தம் போட்டது; எடுத்து உங்கள் பதிவைப் போட்டேன். பதினோரு பெயரும் முடிந்த பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில், "டீச்சரு, நீங்க தூங்குங்க."

அதைக் கேட்கத்தான் எழுந்து உட்கார்ந்திருந்தேன். கோபமாகத்தான் இருந்தது. சாயங்காலம் நீங்கள் திரும்பி வந்தபோது வாசலிலேயே கேட்டேன்.

"அக்கா, நான் மலைக்கு வரப்போறதில்ல. என்னை எதுக்குக் கூப்பிடுறீங்க?"

"கூப்புடலையே. தூங்கத்தான சொன்னேன்?"

"தூங்குறவளை எழுப்பித் தூங்கச் சொல்றீங்க."

ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "இருக்கவுக பேரச் சொல்லாம விடக் கூடாது டீச்சரு. ஒரு வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டு ஒருத்தர விட்டா அவுக மனசு என்னத்துக்காகும்?" என்றீர்கள். பிறகு டிரைவரைத் திரும்பிப் பார்த்து, "ஏலே முருகா, காலையில இந்தத் திருப்பத்துல ஆரன் அடிக்காத. டீச்சரு தூங்குறாக" என்றீர்கள்.

நான் பொருளியல் கற்பிக்கிறவள். தனியாக இருப்பது நானே தேர்ந்துகொண்டது. ஒருவர் விடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மரியாதையெல்லாம் எனக்குத் தேவையில்லை என்று நினைத்தேன். அன்றே அந்தக் குழுவின் ஒலியை நிறுத்தினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனில் இடமில்லை என்று, உள்ளே இருந்த அத்தனையையும் கேட்காமலேயே அழித்தேன்.

ஐப்பசி மழையில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. தேனி ஆஸ்பத்திரியில் மூன்று நாள். நான் வந்தபோது முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்தார்கள். நீங்கள் கையை மட்டும் லேசாக அசைத்தீர்கள். வா என்றீர்களா, போ என்றீர்களா என்று இன்றுவரை தெரியவில்லை.

போன மாதம் வகுப்பில் மாணவிகள் கேட்டார்கள். "மேடம், அந்தப் பாட்டு உங்க ஊராமே. அந்தக் குரல் யாருன்னு தெரியுமா?" தெரியாது என்றேன். தெரியும் என்றால், "அவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று அடுத்துக் கேட்பார்கள். அதற்கு என்னிடம் சொல் இல்லை. பாடத்தை நடத்தினேன். அன்று முழுக்க வாய் கசந்தது.

அந்தப் பாட்டை முழுவதும் கேட்டிருந்தேன். பதினோரு பெயரும் வருகின்றன. என்னிடம் சொன்னது மட்டும் இல்லை. ஊருக்கெல்லாம் உங்கள் குரல் கிடைத்திருக்கிறது, எனக்கென்று சொன்ன மூன்று சொல் எங்கேயும் இல்லை. இருந்ததை அழித்தவள் நான். யாரைக் குறை சொல்வது? ஆனாலும் ஒரு ஞாயிறு செல்வி வீட்டுக்குப் போனேன்.

அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு இவ்வளவு தூரம் போயும் திங்கட்கிழமை மலைக்குப் போகிறவள்தான். "வாங்க டீச்சர், நானே வரணும்னு இருந்தேன்" என்று கையைத் துடைத்தாள். உங்களை அவள் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள்; பெரியம்மாவின் பதிவு முழுசாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். என் முகத்தில் என்ன இருந்ததோ.

"கடைசி வரிய நான்தான் வெட்டுனேன் டீச்சர். தாளத்துல நல்லாத்தான் உக்காந்துச்சு. ஆனா அது உங்ககிட்டச் சொன்னது. அதத் தூக்கி ஊர்ல விட்டா பெரியம்மா என்னய வைவாக."

பிறகு உங்களுடைய இன்னொரு பதிவைப் போட்டுக் காட்டினாள். காய்ச்சலுக்கு முந்திய நாளுடையது. மழைச் சத்தம். உங்கள் இருமல். பதினோரு பெயர். அப்புறம்:

"டீச்சரு, நீங்க இதையெல்லாம் கேக்க மாட்டீக, எனக்குத் தெரியும். இருந்தாலும் பேரு விட்டுப்போகக் கூடாதுல்ல. தூங்குங்க."

செல்வி துணியை அலசப் போய்விட்டாள். வேண்டுமென்றேதான் போனாள் என்று நினைக்கிறேன்.

அதை என் போனுக்கு அனுப்பிவைத்தாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அழியாமல் இருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது திறந்து பார்க்கிறேன். குழுவின் ஒலியைத் திரும்ப வைத்துவிட்டேன். இப்போது செல்விதான் எல்லாரையும் எழுப்புகிறாள். தன்னை விட்டு மற்ற பத்துப் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். என்னைச் சொல்வதில்லை. சொல்லச் சொல்லி நான் எப்படிக் கேட்பது?

விடியுமுன் ஜீப் நம் தெருவுக்குள் வருகிறது. கதவுகள் திறக்கிற சத்தம், தூக்குவாளிச் சத்தம், யாரோ யாரையோ வைகிற சத்தம். பிறகு என் வீட்டுத் திருப்பம். முருகன் இன்னும் அந்த இடத்தில் ஆரன் அடிப்பதில்லை அக்கா. வேகத்தைக் குறைத்து, மெதுவாகத் திருப்பிப் போகிறான். நான் கண் விழித்துப் படுத்திருக்கிறேன்.