மஞ்சள் ஸ்டிக்கர்

ஜூலை 8, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில். மாவு தீர்ந்துவிட்டது. கேஸ் பதிய வேண்டும். குடையைக் காணவில்லை.

மகள் மகிக்கு நேற்றோடு இரண்டு வயது மூன்று மாதம். "ம்மா" என்பது போல ஒரு சத்தம். அது அம்மாவையா, மாம்பழத்தையா, தெரியாது. வேறு வார்த்தை இல்லை. காது கேட்கிறதா என்று எனக்குச் சந்தேகம். மனைவி சுகந்திக்கும்தான். (இனி சு. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது.)

காது டாக்டர் விஷயம், இன்றைய நிலவரம்:

1. அம்பத்தூர் கிளினிக். பக்கம். ஆனால் சோதிக்கும் மிஷின் இருக்குமா?
2. சென்ட்ரல் பக்கம் உள்ள ஆஸ்பத்திரி. எல்லாம் உண்டு. ஆனால் தூரம், கூட்டம், குழந்தைக்குச் சளி பிடித்தால்?
3. ஆவடியில் ஒரு டாக்டர். நல்லவர் என்கிறார்கள். யார் சொன்னார்கள் என்பது நினைவில்லை.
4. இன்னும் ஒரு மாதம் பார்ப்பது.

போன மாதமும் நான்காவதில்தான் வந்து நின்றேன். அதற்கு முந்தைய மாதமும்.

மாடிப்படியில் மேல் வீட்டுக்காரர். "பேசும் சார். எங்க பையன் மூணு வயசு வரைக்கும் வாயத் தொறக்கல. இப்ப மூடச் சொன்னா மூட மாட்டேங்கறான்." அரை மணி நேரம் நிம்மதி. பிறகு பழையபடி.

மாலை வீட்டுச் சோதனை. மகி வழக்கம்போல பீரோவுக்கு எதிரே உட்கார்ந்து விளையாட்டு. பின்னால் நின்று எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஒரு போடு. ஐந்து முறை. நான்கு முறை திரும்பினாள். ஒன்று சந்தேகம். நோட்டில் குறித்தேன். நான்கு வாரமாக இப்படித்தான். மொத்தத்தில் பரவாயில்லை.

சு.: "தட்டு நெளிஞ்சு போச்சு. டாக்டர்கிட்ட எப்பப் போறோம்?"

"ரீடிங் இன்னும் கொஞ்சம் சேரட்டும்."

பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

ஜூலை 9, செவ்வாய்

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் காலையில் கரண்ட் இல்லை. பத்து மணிக்கு வந்தது.

பதினோரு வருடமாக ஒரே வேலை. செட்டிங் மாற்றினால் முதல் பீஸை நான் அளக்க வேண்டும். சரியென்றால் பச்சை ஸ்டிக்கர், மிஷின் ஓடும். தப்பென்றால் சிவப்பு. முடிவு சொல்ல முடியாவிட்டால் மஞ்சள், மிஷின் நிற்கும். என் மேஜைக்குப் பக்கத்து ரேக் முழுக்க மஞ்சள்.

இன்று ஆபரேட்டர் டில்லியின் மிஷின். உள்விட்டம் எல்லைக்குள்தான், ஆனால் ஓரத்தில். மறுபடி அளந்தேன். அளக்கும் கேஜைத் துடைத்து மறுபடி. டில்லி கள்ளிக்குப்பத்துக்காரன், மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

"இன்னாண்ணாத்தே, எத்தினி தபா அளப்ப? பீஸு தேஞ்சிடப் போவுது. நல்லா கீதுன்னா பச்ச ஒட்டு, இல்லாங்காட்டி செவப்பு ஒட்டு. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

மஞ்சள் ஒட்டினேன். முக்கால் மணி நேரம் மிஷின் நின்றது. முதலாளி வந்தார், ஒரே ஒரு முறை அளந்தார், பச்சை ஒட்டிவிட்டுப் போனார். லாட் முழுக்கச் சரியாக வந்தது. அதுவும் எரிச்சல்.

டீக்கடையில் டில்லி: "பீஸு மேல உனுக்கு டவுட்டு இல்ல. உம்மேலதான் டவுட்டு. வட துன்னு."

வடை ஆறிப்போயிருந்தது.

ஜூலை 11, வியாழன்

மழை. கொடியில் துணி நனைந்தது. என் தவறு என்று தீர்ப்பு.

மாலைச் சோதனை. ஐந்துக்கு ஐந்து. பெருமையாக சு.வைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆறாவது போடு. மகி திரும்பினாள்.

சு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போர்வையை எடுத்துப் பீரோ கண்ணாடியை மூடினாள்.

"இப்பத் தட்டுங்க."

தட்டினேன். மகி பொம்மைக் காரின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஓங்கித் தட்டினேன். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"கண்ணாடியில உங்க கை தூக்குறது தெரியுது. அதப் பாத்துத் திரும்புறா. சத்தத்துக்கு இல்ல."

நான்கு வாரம். நோட்டில் ஒன்பது பக்கம். கேஜ் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு பீஸைக்கூடத் தொடாதவன் நான். மடையன். அழுகை வந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஜூலை 12, வெள்ளி

7.10 போனை எடுத்தேன்.
7.12 வைத்தேன். இவ்வளவு காலையில் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று. எடுக்க மாட்டார்கள்தான். ஆனால் வைத்த காரணம் அதுவல்ல.
8.30 சென்ட்ரல் பக்கத்து ஆஸ்பத்திரி. ஏன் அது? முதலில் கண்ணில் பட்ட நம்பர். நாளை பதினோரு மணிக்கு வரச் சொன்னார்கள்.

பேசி முடிக்க ஒன்றரை நிமிடம். ஒன்றரை நிமிட வேலை.

குழந்தை தூங்கினால்தான் சோதனை எடுப்பார்களாம். அதனால் சீக்கிரம் எழுப்பி, வழியில் தூங்கவிடாமல் கொண்டுவர வேண்டும்.

தடுப்பூசி அட்டை போன வருட டைரிக்குள் இருந்தது. அதை மட்டும் எடுத்திருக்கலாம். புரட்டினேன். மே 12, என் கையெழுத்து: "குக்கர் விசில். மகி பக்கத்திலேயே இருந்தாள். திரும்பவில்லை. கவனிக்கணும்."

கவனித்தேன். பதினான்கு மாதமாக. சு. கவலைப்படுவாள் என்று அன்று சொல்லவில்லை. இன்றும் சொல்லவில்லை.

ஜூலை 13, சனி

மின்சார ரயில். பட்டரவாக்கத்தில் மகிக்குக் கண் சொருகியது. வில்லிவாக்கத்தில் ஈரக் கைக்குட்டை. பெரம்பூரில் ஏறிய ஒரு அம்மாள்: "தூங்குற கொயந்தய ஏம்ப்பா எயுப்பிகினே கீற? பாவம்." சு. விவரம் சொன்னாள். அந்த அம்மாள் தன் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, பேசின் பிரிட்ஜ் வரை மகியின் முகத்துக்கு முன்னால் முறுக்கை ஆட்டிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர். மகி சு. மடியில் நல்ல தூக்கம்.

டாக்டர் அம்மா: "ரெண்டு காதுலயும் கேக்குறது ரொம்பக் குறைவு. மிஷின் போடணும், பேச்சுப் பயிற்சி வேணும். பேச்சு பிடிபடுற வயசு இது. இனிமே தள்ளிப் போடாதீங்க." பிறகு எழுதிக்கொண்டே, "எப்பலேருந்து உங்களுக்குச் சந்தேகம்?"

"ஒரு ரெண்டு மாசமா டாக்டர்," என்றாள் சு.

சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"போன வருஷம் மே மாசத்துலேருந்து," என்றேன்.

டாக்டர் பேனாவை நிறுத்தினார். சு. என்னைப் பார்க்கவில்லை. மகியின் நெற்றியில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பும் ரயில். கொரட்டூர். சு.: "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னைக்கே தூக்கிட்டுப் போயிருப்பேன்."

ஆமாம். போயிருப்பாள்.

ஜூலை 15, திங்கள்

கேஸ் வந்தது. குடை டில்லியின் மிஷினுக்குப் பின்னால் கிடைத்தது. சு. பேசவில்லை. "சாப்பாடு இருக்கு" பேச்சில் சேராது.

டில்லியின் முதல் பீஸ். இரண்டு முறை அளந்தேன். மூன்றாவதுக்குக் கை போனது, இழுத்துக்கொண்டேன். சிவப்பு.

"த்தோடா," என்றான் டில்லி. அரை மணி நேரம் திட்டிக்கொண்டே டூலை மாற்றினான்.

ஜூலை 18, வியாழன்

மேகம் மட்டும். பழகிப் பார்க்க ஆஸ்பத்திரியில் ஒரு காது மிஷின் தந்திருக்கிறார்கள். முதலில் அழுவாள், விட்டுவிடாதீர்கள் என்றார்கள்.

மாலை மாட்டினேன். குக்கர் விசில் அடித்தது. மகிக்குத் தூக்கிவாரிப்போட்டது, அலறினாள். காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தாள். பீரோவுக்கு அடியில் போய்விட்டது. குப்புறப் படுத்து எடுத்தேன்.

வலிக்கிறதோ. சத்தம் அதிகமாக வைத்துவிட்டார்களோ. நாளைக்குப் போன் செய்து கேட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து...

சு. அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். ஐந்து நாளில் முதல் பேச்சு.

"மாட்டுங்க."

மாட்டினேன். எறிந்தாள். மாட்டினேன்.