பட்டியலில் இல்லாத நாடு

என் அன்புச் சித்தப்பா,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அப்பாவுக்குப் பிடிக்காததும் இதில் வரும். எனக்கே வெட்கமானதும் வரும். நீங்கள் ஒருநாளும் என்னிடம் பொய் சொன்னதில்லை, ஆகவே நானும் சொல்லமாட்டேன்.

நீங்கள் போய் இன்றோடு ஒரு வருடம். பிறிஸ்பேனில் உங்களுக்கு மாரடைப்பு வந்த செய்தி லண்டன் கிங்ஸ்பரிக்கு வந்து சேர்ந்தபோது நான் பள்ளிக்கூடச் சீருடையில் நின்றேன். உங்கள் தற்காலிக விசாவில் நீங்கள் இங்கே வரமுடியாது, அப்பாவும் ஒவ்வொரு வருடமும் "அடுத்த வருசம் போவம்" என்று சொல்லிச் சொல்லியே இருந்தார். கடைசியில் தன் தம்பியின் தகனத்தை மடிக்கணினியில்தான் பார்த்தார்.

முதலில் என் கோபத்தைச் சொல்கிறேன். சென்ற வருடம் வந்த உங்கள் மரண அறிவித்தலில், "சாவகச்சேரியைப் பிறப்பிடமாகவும், அவுஸ்திரேலியா பிறிஸ்பேனை வசிப்பிடமாகவும் கொண்ட" என்று போட்டிருந்தார்கள். நம்மவர்களின் அறிவித்தல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே? பிறந்த ஊர், கலியாணம் செய்த ஊர், கொழும்பில் இருந்த ஒழுங்கை, ஜேர்மனியில் கழித்த இரண்டு வருடம், எல்லாம் வரிசையாக வரும். உங்களுடைய நவுரு மட்டும் வரவில்லை. ஆறு வருடம், சித்தப்பா! ஆறு வருடத்தை ஒரு காற்புள்ளிக்குள் விழுங்கிவிட்டார்கள்.

போன கிழமை அப்பா ஓராண்டு நினைவஞ்சலியை எழுதும் வேலையை என்னிடம் தந்தார். "நீதான் தமிழ் வடிவா எழுதுவாய், பிள்ளை. போன வருசத்தைப் பாத்து எழுதிப்போட்டுப் படத்தை மட்டும் மாத்து." நான் போன வருடத்தைப் பார்த்து எழுதவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததையே இனி உங்களுக்குச் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்கு அது தெரியாது.

அடைக்கலம் தேடிப் படகில் வந்த உங்களை அவுஸ்திரேலியா தன் மண்ணில் வைத்திருக்காமல் பசிபிக் கடலில் இருக்கிற நவுருவுக்கு அனுப்பி ஒரு முகாமில் அடைத்தது. எனக்கு ஏழு வயது இருக்கும்போது உங்களிடம் தொலைபேசியில், "நீங்கள் இருக்கிற ஜெயிலுக்கு என்ன பேர், சித்தப்பா?" என்று கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினார்.

நீங்கள் சிரித்தீர்கள். "முகாம்தான் ஜெயில், குஞ்சு. அதைச் சுத்தி ஒரு நாடு இருக்கு. ஜனாதிபதி இருக்கிறார். பாராளுமன்றம் இருக்கு. பத்தொன்பது பேர்."

"பத்தொன்பது பேரோ? எங்கடை வகுப்பிலை முப்பது பேர்!"

"அப்ப உங்கடை வகுப்பு பெரிய நாடு. ஆர் ஜனாதிபதி? நீரோ?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு அழைப்பிலும் நான் நவுருவின் அரசியலைக் கேட்டேன். முகாமின் படலையைத் திறந்து தீவுக்குள் நடமாட விட்ட பிறகு நீங்கள் கரையோரத்தில் ஒரு கடையில் சாமான் அடுக்கினீர்கள். அரிசி வாங்க வருகிறவர்கள் சொன்னதையெல்லாம் எனக்குச் சொன்னீர்கள். "இஞ்சை மந்திரியும், மந்திரியை இறக்க நிக்கிற அவரின்ரை மச்சானும் ஒரே வரிசையிலைதான் நிப்பினம். ரெண்டு பேரும் தகரத்திலை அடைச்ச ஒரே மீனைத்தான் எடுப்பினம்." அங்கே வாக்களிக்கிறவர் எல்லா வேட்பாளருக்கும் வரிசை போடவேண்டும், முதல் விருப்பத்துக்கு முழு வாக்கு, இரண்டாவதற்கு அரை, மூன்றாவதற்கு மூன்றில் ஒன்று. நான் பின்னக் கணக்கை விளங்கிக்கொண்டது அப்படித்தான்.

ஆறு வருடம் முடிந்து உங்களைச் சிகிச்சைக்கென்று பிறிஸ்பேனுக்குக் கொண்டுவந்த பிறகு, கொஞ்சம் பெரியவளானதும் நூலகத்தில் தேடி வாசித்தேன். நீங்கள் சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனால் வாசிக்க வாசிக்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அந்த மண்ணில் பொஸ்பேற் இருந்தது. பயிருக்குப் போடும் உரம். முதலாம் உலகப் போருக்குப் பிறகு பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து அதைத் தோண்டித் தங்கள் வயல்களுக்குக் கொண்டுபோயின. ஆம், நான் இருக்கிற இந்தப் பிரித்தானியாதான். அடுத்த போரில் யப்பான் வந்து, பெரும்பகுதி மக்களை வேறொரு தீவுக்கு ஏற்றிச் சென்றது. பலர் அங்கேயே செத்தார்கள். மிஞ்சியவர்கள் ஒரு சனவரி முப்பத்தொன்றில் திரும்பி வந்தார்கள்.

பிறகு, தோண்டித் தோண்டி நடுத்தீவு முழுக்கச் சுண்ணாம்புக் கற்கூர்களாக ஆனபோது, "உங்களுக்கு வேறொரு தீவு தாறோம், எல்லோரும் அங்கே போய்விடுங்கள்" என்று அவுஸ்திரேலியா சொன்னது. வீடு தரும், வேலை தரும், எல்லாம் தரும். தனிநாடாக மட்டும் இருக்கமுடியாது. நவுருவின் தலைவர்கள் மாட்டோம் என்றார்கள். சில ஆயிரம் பேர், சித்தப்பா! பாதி தின்னப்பட்ட நிலத்தில் நின்றுகொண்டு மாட்டோம் என்றார்கள். சில வருடங்களில் சுதந்திரம் வாங்கினார்கள், அதற்கும் சனவரி முப்பத்தொன்றையே தெரிந்தெடுத்தார்கள். தங்கள் ஆட்கள் உயிரோடு திரும்பிவந்த நாள். அந்தத் திகதியை என் கொப்பியில் எழுதிவைத்தேன்.

அவர்களின் தலைவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. உண்மையை எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறேன். பொஸ்பேற் காசு கையில் வந்ததும் வெளிநாட்டில் கட்டடம் வாங்கினார்கள், விமானங்கள் வாங்கினார்கள், லண்டனில் மேடையேறிக் கொஞ்ச நாளிலேயே படுத்துவிட்ட ஓர் இசை நாடகத்திலும் போட்டார்கள். மண்ணும் முடிந்தது, காசும் முடிந்தது. பாராளுமன்றத்தில் பத்துக் கை உயர்ந்தால் ஜனாதிபதி இறங்குவார், இறங்கியவரே திரும்பவும் ஏறுவார். கடைசியில், காசு தருகிறோம், எங்களுக்கு வேண்டாத ஆட்களை வைத்திருங்கள் என்று அவுஸ்திரேலியா கேட்டபோது ஓம் என்றார்கள். அந்த ஓம் என்ற சொல்லுக்குள்தான் உங்கள் ஆறு வருடம் போனது. முன்பு மாட்டோம் என்று சொன்ன நாடு, ஏன் இதற்கு மட்டும் ஓம் என்றது? பசி என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கு அது போதவில்லை. உங்களுக்கு அது எப்படிப் போதுமாயிருந்தது?

போன மாதம் வகுப்பில் ஆசிரியர் நவுருவை உதாரணமாகச் சொன்னார். ஒரேயொரு சுற்றுவீதி உள்ள நாடு விலை உயர்ந்த கார்களை வாங்கிக் கடனில் மூழ்கி வங்குரோத்தான கதை. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் இருந்தவன், "கூகிளில் பெரிதாக்கிப் பார்த்தும் காணவில்லை, மிஸ்" என்றான். இன்னும் சிரிப்பு. நான் கை உயர்த்தி, "தோண்டியது யார் என்றும் சொல்லுங்கள், மிஸ்" என்றேன். நேரம் போதாது, அடுத்த கிழமை பார்ப்போம் என்றார். அடுத்த கிழமை வேறு பாடம் தொடங்கிவிட்டது.

அதனால்தான் நினைவஞ்சலியில் நவுருவைப் போட்டே தீருவது என்று இருந்தேன். அறிவித்தல் பிரசுரிக்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சொல்லுங்கோ தங்கச்சி. பிறப்பிடம்?"

"சாவகச்சேரி."

"வசிப்பிடம்?"

"நவுரு. பிறகு அவுஸ்திரேலியா."

"நவுருவோ? அது எந்த நாட்டிலை இருக்கு?"

"அதுவே ஒரு நாடு, அண்ணை."

விசைப்பலகையில் தட்டுகிற சத்தம் கேட்டது. "நான் இதிலை தெரிவுசெய்யவேணும், தங்கச்சி. நோர்வே இருக்கு, நெதர்லாந்து இருக்கு, நியூசிலாந்து இருக்கு. நீங்கள் சொல்லுறது லிஸ்ட்டிலை இல்லை. அவுஸ்திரேலியா எண்டு மட்டும் போடுவமே? எல்லாம் ஒரே பக்கம்தானே?"

ஒரே பக்கமா! "அப்பாவோடை கதைச்சிட்டு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, அப்பா காலை ஷிப்ட் முடிந்து பஸ் சாரதிச் சட்டையோடேயே குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் எழுதியதைக் கொடுத்தேன். "நவுருவையும் அவுஸ்திரேலியாவையும் வசிப்பிடமாகவும் கொண்ட" என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

"இதை எடு."

"ஏனப்பா?"

"எடு எண்டால் எடு."

இனிமேல் எழுதுவதுதான் எனக்கு வெட்கமான பகுதி. நான் கத்தினேன். "உங்களுக்கு வெக்கம்! தம்பி முகாமிலை இருந்தவர் எண்டு சொல்ல வெக்கம். கோயில்லை ஆக்கள் கேட்டால் அவுஸ்திரேலியாவிலை செட்டில் எண்டு சொல்லுறீங்கள். நான் கேட்டனான்!" உங்களை ஒளித்து வைத்தார் என்றும் சொன்னேன். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"கோயில்லை கேக்கிறவைக்கு ரெண்டு நிமிசம்தான் நேரம், பிள்ளை. செருப்பைப் போட்டுக்கொண்டு கேப்பினம். ஆறு வருசத்தை அதுக்குள்ளை சொல்லேலுமோ?" பிறகு கடதாசியைத் தட்டினார். "வசிப்பிடமோ இது? ஆர் வசிச்சது? வசிக்கிறதெண்டால், விரும்பினால் வெளிக்கிட்டுப் போகலாம். அவனைக் கொண்டுபோய் அங்கை வைச்சவங்கள். படலை திறந்தாப்பிறகும் அந்த வீதியாலை சுத்திச் சுத்தித் திரும்ப அதே இடத்துக்குத்தான் வந்தவன். அதை வசிப்பிடம் எண்டு என்ரை தம்பியின்ரை பேருக்குக் கீழை நான் போடமாட்டன்."

சித்தப்பா, இவ்வளவு நாளும் இந்த வீட்டில் உங்களுக்காகக் கோபப்படுகிறவள் நான் மட்டும் என்று நினைத்திருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்! அந்த நாட்டுக்கு நியாயம் செய்கிற அவசரத்தில், நீங்கள் அங்கே விரும்பிக் குடியிருந்ததுபோல எழுதிவைத்திருக்கிறேன்.

ஆனாலும் நான் விடவில்லை. "நவுருவை எடுத்துவிட்டால் ஆருக்கு லாபம், அப்பா? அனுப்பினவைக்குத்தான் லாபம். ஒண்டும் நடக்காத மாதிரி ஆயிடும்."

அம்மாதான், "அவள் சொல்லுறதும் சரிதானேயப்பா" என்றார். அப்பா என் கையிலிருந்த பேனையை வாங்கினார். பெரிய எழுத்தில், மெதுவாக எழுதினார்: அவுஸ்திரேலிய அரசினால் நவுருத் தீவில் ஆறு ஆண்டுகள் தடுத்து வைக்கப்பட்டிருந்தவர்.

நான் பேனையைத் திரும்ப வாங்கி, 'நவுருத் தீவில்' என்பதை வெட்டி 'நவுரு நாட்டில்' என்று எழுதினேன்.

"அது ஏன்?"

"நவுரு ஆக்கள் வேற தீவு வேண்டாம் எண்டு சொன்னது நாடாய் இருக்கத்தான், அப்பா. சித்தப்பா அதை எப்பவும் நாடு எண்டுதான் சொன்னவர்."

"சரி. இருக்கட்டும்."

அப்பாவே அலுவலகத்துக்கு எடுத்தார். அந்த அண்ணை சொன்னது எனக்கும் கேட்டது: "ஐயா, நினைவஞ்சலியிலை இப்பிடி வசனம் போடுறேல்லை. சனம் கும்பிடத்தான் பாக்கும்."

"கும்பிடட்டும். இதையும் வாசிச்சுப்போட்டுக் கும்பிடட்டும்."

"அப்ப வசிப்பிடத்துக்கு அவுஸ்திரேலியாவைத் தெரிவுசெய்யட்டோ?"

"வேண்டாம் தம்பி. அங்கையும் அவனை இரு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அந்தப் பெட்டியை வெறுமையா விடும்."

"வெறுமையா விட்டால் வடிவாயிராது, ஐயா."

"வடிவாயில்லைத்தான்," என்றார் அப்பா. "விடும்."

இன்று காலை நினைவஞ்சலி வந்துவிட்டது. பிறப்பிடம், சாவகச்சேரி. வசிப்பிடம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. கீழே, படத்துக்கு அடியில், அப்பாவின் வசனமும் என்னுடைய ஒரு சொல்லும் இருக்கின்றன. இதற்குள் மூன்று பேர் அப்பாவுக்கு எடுத்து, பெட்டியில் ஏதோ விடுபட்டுப்போய்விட்டது, திருத்தச் சொல்லுங்கள் என்றார்களாம். ஒன்றும் விடுபடவில்லை என்று அப்பா மூன்று பேருக்கும் சொன்னார். மூன்றாவது ஆளோடு அவர் இரண்டு நிமிடத்தில் முடிக்கவில்லை. நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடும்போதும் உங்களைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாக்குத் தருகிறேன், சித்தப்பா. அந்த நாட்டின் கதையை நான் முழுதாக எழுதுவேன். கார்களில் தொடங்கமாட்டேன், முகாமிலும் தொடங்கமாட்டேன். மாட்டோம் என்று சொன்ன அந்தச் சில ஆயிரம் பேரிடம் தொடங்குவேன். அவர்கள் ஓம் என்று சொன்ன இடத்தையும் மறைக்கமாட்டேன். அந்த அத்தியாயத்தில் உங்கள் பெயர் இருக்கும்.

இன்னும் எழுத இருக்கிறது. ஆனால் நான் இருந்து எழுதுகிற இந்த நூலகம் மூடுகிற நேரமாகிவிட்டது. குழந்தைகள் பகுதியில் தொடங்கி ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தார்கள். இப்போது என் மேசைக்கு மேலே இருந்த விளக்கையும் அணைத்துவிட்டார்கள்.

உங்கள் பெறாமகள்,
ஆரணி