நான் தேய்த்துக் கழுவிய கல்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுறது. இங்கே நானும் உன் பொண்ணும் சுகமா இருக்கோம், அங்கே நீயும் மருமகளும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினா எனக்கு அதுவே போதும். மாடிக் குழாய் ஒழுகினதை ஆளைக் கூப்பிட்டு அடைச்சாச்சு, என் முட்டிவலி மட்டும் எங்கேயும் போகாம வீட்டோட இருக்கு.

போன வாரம் நீ போன்ல அவளைப் பொறுப்பில்லாதவள்னு திட்டி, படிச்சது போதும் கிளம்பி வான்னு சொன்னியே, அதுக்குத்தான் இந்தக் கடிதம். கல்லைக் கெடுத்தது அவ இல்லை, நான். ஆராய்ச்சிக்குன்னு மலைச்சாலை ஓரத்துப் பாறையில உடைச்சு எடுத்த கல்லை என் சமையல் மேடையில வெச்சிருந்தா. மண்ணும் மசியுமா கிடக்கேன்னு சோப்புப் போட்டு, நாரால தேய்தேய்னு தேய்ச்சு வெயில்ல காய வெச்சேன். அந்த மசிதான் உயிராம். எது மேல்பக்கம், எது வடக்குன்னு உடைக்கிறதுக்கு முன்னாடியே கோடு போட்டுத்தான் எடுப்பாங்களாம், அது அழிஞ்சா வெறுங்கல்லாம். அவ முகமே செத்துப்போச்சு, ஆனா என்னை ஒரு வார்த்தை சொல்லலை. அவ ஆராய்ச்சியைப் பார்த்துக்கிற வாத்தியாரம்மாகிட்டயும் உன்கிட்டயும் தன் கவனக்குறைவுன்னு சொல்லிப் பேச்சு வாங்கிக்கிட்டா.

எனக்கு மனசு கேட்கலை, மறுநாள் அவ திரும்ப அந்தப் பாறைக்குக் கிளம்பினப்போ நானும் கூடவே கிளம்பிட்டேன், ரெண்டு பஸ் மாறிப் போனோம். பாறை முழுக்கச் சுத்தியல் போட்ட குழி, எத்தனை பேர் கல்லெடுத்தாங்களோ, எது தன் குழின்னு அவளுக்கே தடுமாற்றம். கல்லை இப்படிக் குடுடின்னு வாங்கினேன். அந்தக் கல்லோட மூலைமுடுக்கெல்லாம் என் கைக்குத் தெரியும், ஒரு விளிம்பு என் கட்டைவிரலைக் கிழிச்சே விட்டுச்சு. ஒவ்வொரு குழியா விரலை விட்டுத் தடவினேன், நாலாவதுல அந்த விளிம்புக்கு ஏத்த பிளவு. வெச்சதும் டப்பா மூடி மாதிரி உட்கார்ந்துச்சு, கல்லுல இருந்த வரியும் பாறையில இருந்த வரியும் ஒண்ணா ஓடுச்சு. அவ திசைகாட்டியை வெச்சுத் திரும்பக் கோடு போட்டா.

அப்புறம் அங்கேயே உட்கார்ந்து எனக்கு விளக்கினா. பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல ரெண்டு பக்கப் பாறையும் எதிரெதிரா நகர, நடுவில மாட்டின பாறை அந்தச் சூட்டுல உருகாமலே இளகி, லட்சக்கணக்கான வருஷமா மெல்ல மெல்ல இழுபட்டு ஓடியிருக்காம். இளகாத வெள்ளை மணிங்க மட்டும் கண்ணு மாதிரி நிக்குது, ரெண்டு பக்கமும் வால். வால் போற பக்கத்தை வெச்சு எது எந்தத் திசையில நகர்ந்ததுன்னு சொல்லிடலாமாம், கல் இருந்த நிலை தெரிஞ்சா. பிசைஞ்ச மாவுல ஒரு கட்டி மாட்டி, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவில தேய்ச்சா வர்றதுதானேன்னு கேட்டேன். அதேதான் பாட்டி, இது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆச்சுன்னா. அஞ்சாம் வகுப்போட நின்னவள்னு என்னைக் கேலி பண்ணுவியே, நல்லா கேட்டுக்கோ.

உன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கா. வாயால சொல்லமாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன், எழுதமாட்டேன்னு இல்லை. மாசக் கடைசியில நாலு பெரியவங்க முன்னாடி நின்னு, ஆராய்ச்சியைப் பத்தி அவங்க கேட்கிற கேள்விக்கெல்லாம் அவ பதில் சொல்லணும். அதுக்குள்ள கூப்பிட்டு, படிம்மான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. கல் இப்போ துண்டுல சுத்தி அலமாரியில இருக்கு, பாட்டிக்கு அனுமதி இல்லைன்னு கொட்டை எழுத்துல எழுதி ஒட்டியிருக்கா.

நீங்க எல்லாரும் நோய்நொடி இல்லாம நூறு வருஷம் இருக்கணும். போன் பண்ண மறந்துடாதே.

இப்படிக்கு,
தப்பை ஒத்துக்கிட்ட உன் அம்மா